எதிர்பார்க்கப்படும் விடை

பி.எட். படித்த பெண்கள் இருக்கும் வீட்டில் பரணைத் துழாவினால் ஒரு கட்டு கிடைக்கும். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே பெயர், பதிவு எண், ‘அறிவியல் கற்பித்தல்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ரெக்கார்டு நோட்டுகள். செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் ஒரு நாள் புரட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. போன கோடையில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது என்னுடையது கீழே வந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்துவைத்திருந்த அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், மதியச் சாப்பாடு வரை எழுந்திருக்கவில்லை.

முப்பது பாடத்திட்டங்கள். 2012இல் எழுதியவை. அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிகளால் அடுத்த ஆண்டிலிருந்து அது இரண்டாண்டு ஆனது. எங்களுக்குக் கற்பித்தல் பயிற்சி நாற்பது நாள். நடுநிலை வகுப்புகளான ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுக்க ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வேதியியல் பட்டம் பெற்று, கல்யாணமாகி, மூன்று வயதுப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்வந்த காலம். பாடத்திட்டம் எழுதியதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல். சில பக்கங்களில் பிள்ளையின் கிரேயான் கோடு இருக்கிறது. அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன்.

இந்த நோட்டை ஒரு நூலாக எடுத்துக்கொண்டு விமர்சனம் எழுத விரும்புகிறேன். பெண்ணெழுத்து பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கவிதை, கதை, தன்வரலாறு, நாட்குறிப்பு, கடிதம் எல்லாம் அதில் வருகின்றன. வருடந்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் தமிழில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் இந்த எழுத்தை யாரும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. எழுதியவளும் எடுப்பதில்லை. ஆனால் ஒரு பெண் ஆசிரியை ஆவதற்குக் கொடுக்கவேண்டிய சாட்சியம் இதுதான். அறிவியல் என்றால் என்ன, பிள்ளை என்றால் யார், கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்று இந்த நோட்டு ஒரு முடிவு வைத்திருக்கிறது.

வடிவத்திலிருந்து தொடங்குகிறேன். பக்கத்தை நெடுக்கில் பிரித்துக் கட்டம் போட வேண்டும். பாடப்பொருள், கற்பித்தல் நோக்கங்கள், ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு, கரும்பலகைச் சுருக்கம், மதிப்பீடு. மாணவர் செயல்பாடு என்ற கட்டத்துக்குள் ‘எதிர்பார்க்கப்படும் விடை’ என்று ஒரு பகுதி. என்னுடைய பதினொன்றாம் பாடத்திட்டத்தில் இப்படி இருக்கிறது. ஆசிரியர்: “எலுமிச்சம்பழம் எந்தச் சுவை உடையது?” மாணவர்: “புளிப்புச் சுவை உடையது.” ஆசிரியர்: “புளிப்புச் சுவைக்குக் காரணம் என்ன?” மாணவர்: “அமிலம்.” ஆசிரியர்: “நன்று.” அதன் கீழே, “மாணவர்கள் ஆர்வத்துடன் உற்றுநோக்குகின்றனர்.”

இதை எழுதியது முந்தைய நாள் இரவு. எந்தப் பிள்ளையும் இன்னும் எதையும் உற்றுநோக்கவில்லை. ஆனால் வாக்கியம் நிகழ்காலத்தில் இருக்கிறது. முப்பது பாடங்களிலும் இதே நிகழ்காலம். பிள்ளைகள் வகுப்புக்கு வரும் முன்பே பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முழு வாக்கியத்தில், எழுவாய் பயனிலையோடு, செந்தமிழில் சொல்கிறார்கள். “தெரியல டீச்சர்” என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. தவறான விடை ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகள் தாமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மொத்தக் கேள்விகளையும் எண்ணிப் பார்த்தேன், நானூற்றுச் சொச்சம். அத்தனையும் ஆசிரியருடையவை, அத்தனைக்கும் விடை முன்பே தெரிந்தவை. விடை தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்கும் ஒரு துறைக்கு அறிவியல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தச் சட்டகம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெர்மானியத் தத்துவவாதி ஹெர்பர்ட் 1841இல் இறந்தவர். அவர் சொன்ன நான்கு படிகளை அவருடைய சீடர்கள் ஐந்தாக்கினார்கள். அதுவே ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்துதல், பயன்படுத்துதல் என்று எங்கள் நோட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன்மேல் 1956இல் வெளியான புளூமின் வகைப்பாடு. அதற்கும் மேலே, 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்நிலைக் கற்பித்தல். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தம், திரும்பப் பாடம், திரும்பப் பின்னூட்டம், ஆக 36 நிமிடச் சுற்று. கூடப் படிக்கும் பெண்களே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு “வணக்கம் டீச்சர்” என்று எழுந்து நிற்பார்கள். ‘வலுவூட்டும் திறன்’ பயிற்சியில் எத்தனை முறை “நன்று” சொன்னோம் என்று ஒருத்தி கோடு கிழித்து எண்ணுவாள். இவை எதுவும் தனித்தனியாகக் கெட்டவை அல்ல. நேரத்தைப் பகுத்துக்கொள்ளவும், மேடைக் கூச்சம் போகவும் எனக்கு உதவின என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் மதிப்பெண்ணுக்கான நோட்டாக இறுகிய பிறகு, உள்ளே பிள்ளைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அந்தப் பதினொன்றாம் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். அது எட்டாம் வகுப்புப் பாடம், அமிலமும் காரமும். லிட்மஸ் தாள் பள்ளியில் இல்லை. இருந்த சோதனைப் பெட்டி தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடந்தது. உடைந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்பதால் வெளியே எடுக்க மாட்டார்கள். ஆகவே வீட்டிலிருந்து மஞ்சள் தூளைக் குழைத்து வடிதாளில் தடவிக் காயவைத்துக் கொண்டுபோனேன். சவர்க்காரத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மூன்றும் கண்ணாடி டம்ளரில். சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்ததும் தாள் சிவந்தது. வகுப்பு முழுக்க “ஏ!” என்றது. நாற்பது நாளில் எனக்குக் கிடைத்த ஒரே “ஏ!” அதுதான்.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். பெயரை எழுத மாட்டேன். மூன்று வாரம் வராமல் இருந்து முந்தின நாள்தான் பள்ளிக்குத் திரும்பியவள். ஏன் வரவில்லை என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். தெருவில் மைக்செட் கட்டி, தாய்மாமன் சீர் வந்து, சடங்கு நடந்திருந்தது. கையில் மருதாணி இன்னும் போகவில்லை.

“டீச்சர், எனக்குச் சுத்துன ஆரத்தி இதானே?”

பையன்கள் பக்கம் சிரிப்பு. ஒருவன் “சமஞ்ச புள்ள பேசுது” என்றான். அவள் உட்காரவில்லை. “அப்ப சுண்ணாம்பு போட்டதாலதான் செவந்துச்சா? ஆச்சி வேற சொன்னுச்சே டீச்சர், ரத்தம் வந்ததுக்காக அது ரத்தமா மாறுதுன்னு.”

கடைசி பெஞ்சில் எங்கள் கல்லூரியிலிருந்து பார்வையிட வந்தவர் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருந்தார். என் பாடத்திட்டத்தில் அடுத்த வரி “ஆசிரியர்: காரங்களின் பண்புகள் யாவை?” என்பது. நான் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்: “பாடத்துல இருக்குறத மட்டும் கேளு. உட்காரு.”

உட்கார்ந்தாள். மீதி இருந்த நாட்களில் அவள் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்றைய குறிப்பு நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. “எளிய பொருட்களைக் கொண்டு சோதனை நன்று. வகுப்புக் கட்டுப்பாடு நன்று. தேவையற்ற வினாக்களைத் தவிர்த்த விதம் பாராட்டத்தக்கது.” கீழே கையெழுத்து. அன்று அந்தக் குறிப்பைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது.

‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்பது எங்கள் கற்பித்தல் விதிகளில் முதலாவது. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும். அந்தப் பிள்ளை செய்தது அச்சு அசலாக அதுதான். தன் உடம்பைச் சுற்றி எடுத்த ஒரு தாம்பாளத்தில் இருந்ததை அவள் டம்ளரில் கண்டுபிடித்தாள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், சுண்ணாம்பு காரம், ஆகவே ஆரத்தி சிவக்கிறது. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழிப்புக்கும் கண்ணேறுக்கும் சம்பந்தமில்லை. மாப்பிள்ளைக்குச் சுற்றும் ஆரத்தியிலும் அதே மஞ்சள், அதே சுண்ணாம்பு. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆச்சி சொன்னதையும் டம்ளரில் பார்த்ததையும் அவளே எதிரெதிரே வைத்து, எது சரி என்று கேட்டுவிட்டாள். ஹெர்பர்ட் படிகளில் மூன்றாவதான ஒப்பிடுதல் என்பது இதுதான். முப்பது பாடத்திட்டத்திலும் இதைவிட நல்ல அறிவியல் வாக்கியம் இல்லை. அந்த வாக்கியம் நோட்டிலும் இல்லை.

அது ஏன் ‘தேவையற்ற வினா’ ஆனது? பாடத்தில் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் வேறொரு பையன் “டீச்சர், பேட்டரியில இருக்குறதும் அமிலமா?” என்று கேட்டதும் பாடத்தில் இல்லை. அதற்கு நான் விளக்கம் சொன்னேன், கடைசி பெஞ்சுக்காரர் தலையாட்டினார். பேட்டரி பொதுவான அறிவு. ஆரத்தி பொம்பளை சமாச்சாரம். மஞ்சள் துணியில் சோப்புப் பட்டால் சிவக்கும், வெயிலில் போட்டால் வெளுக்கும் என்று துணி துவைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அது எங்கள் பாடத்திட்டத்தில் ‘ஊக்குவித்தல்’ என்ற தலைப்பில் முதல் மூன்று நிமிடத்துக்கு மட்டும் வரும். சமையலறையிலிருந்து எலுமிச்சை, மஞ்சள், வினிகர் எல்லாம் வகுப்புக்கு வரலாம். அவற்றைக் கையாண்ட பெண்ணின் அனுபவம் வரக்கூடாது, அதிலும் ரத்தத்தோடு வரவே கூடாது.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. எங்கள் கல்லூரியில் அறிவியல் கற்பித்தல் எடுத்தவர் பாடப்பகுப்பாய்வு செய்தபோது அந்தப் பாடம் வந்ததும் “இதை நீங்களே பார்த்துக்குங்க” என்று தாண்டிப் போனார். பயிற்சிப் பள்ளியில் அந்தப் பாடம் என்னோடு வந்த ஆண் பயிற்சி ஆசிரியருக்கு விழுந்தது. அவர் என்னிடம் வந்து, “அக்கா, நீங்க லேடீஸ், நீங்களே எடுத்திருங்க” என்றார். பள்ளி ஆசிரியையும் அதுதான் சரி என்றார். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, பதினெட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எடுத்தேன். பையன்களுக்கு அந்தப் பாடத்தை யாரும் எடுக்கவில்லை. தேர்வுக்குக் கோனார் நோட்ஸ் போதும் என்றார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்துச் “சமஞ்ச புள்ள” என்று சிரித்தவனுக்கு அந்தச் சிரிப்பைத் தவிர வேறு எதுவும் கற்றுத்தரப்படவில்லை.

நான் எடுத்த பாடத்தின் கரும்பலகைச் சுருக்கமும் நோட்டில் இருக்கிறது. “கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கத் தயாராகிறது. அண்டம் கருவுறாவிட்டால் உட்சுவர் சிதைந்து ரத்தத்துடன் வெளியேறுகிறது. இச்சுழற்சி 28 நாட்களுக்கு ஒருமுறை நிகழும்.” இதை எழுதியபோது ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் 1987இல் வெளியிட்ட நூலில், மருத்துவப் பாடநூல்கள் மாதவிடாயை ஒரு தோல்வியாக, உற்பத்தி நடக்காமல் போன ஆலையின் கழிவாக வர்ணிப்பதைச் சுட்டிக்காட்டினார். 1991இல் எழுதிய கட்டுரையில், அண்டம் சும்மா காத்திருப்பதாகவும் விந்தணு வீரனாக நீந்தி வருவதாகவும் பாடநூல்கள் கதை சொல்வதை எடுத்துக்காட்டினார். பணிக்கு வந்து சில வருடம் கழித்துத்தான் நான் அவற்றைப் படித்தேன். படித்ததும் என் கரும்பலகைதான் ஞாபகம் வந்தது. ‘கருவுறாவிட்டால்’, ‘சிதைந்து’, ‘வெளியேறுகிறது’. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அவள் உடம்பைப் பற்றி நான் கொடுத்த மூன்று சொற்கள்.

28 என்ற எண் இன்னும் மோசம். வளர்ந்த பெண்களுக்கே சுழற்சி 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். பூப்பெய்திய முதல் சில வருடங்களில் 45 நாள் வரைகூடத் தள்ளிப்போகும், அது இயல்பு. பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கலாம். அவர்களிடம் 28 என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். தனக்கு ஏதோ கோளாறு என்று அன்று எத்தனை பேர் பயந்தார்களோ. ஒருத்தியும் கேட்கவில்லை. என் பாடத்தில் கேட்பதற்கு இடமில்லை என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். புதுயுகம் திட்டத்தில் பள்ளிக்கு நாப்கின் வந்துகொண்டிருந்தது. பெண் ஆசிரியைகள்தான் கொடுக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். பொருள் கொடுப்பதற்கு ஒரு பதிவேடு இருந்தது. கேள்வி கேட்பதற்கு ஒன்று இல்லை.

பெண்ணுடல் பற்றி நோட்டில் பேச்சே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பார்வையாளர் குறிப்புகளில் என் உடம்பு நிறைய வருகிறது. “முந்தானையைச் சரியாகப் பின் செய்யவும்.” “குரல் இனிமை.” “கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்ட வேண்டாம்.” கடைசியாகச் சொன்னது எல்லாருக்கும் பொதுவான விதி, ஆனால் எங்களுக்கு அதன் காரணம் வேறாகச் சொல்லப்பட்டது. புடவைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று பள்ளியில் கட்டளை. மே மாதத்துக்குக் குறையாத வெயிலில், மின்விசிறி ஓடாத அறையில், முழங்கால் வரை கோட். ஆய்வகத்தில் அணியும் கோட் அமிலம் தெறித்தால் உடம்பைக் காப்பதற்கு. இந்தக் கோட் பதிமூன்று வயதுப் பையன்களின் கண்ணிலிருந்து காப்பதற்காம். அமிலத்தைக் கையாள்வது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். கண்ணைக் கையாள்வது எப்படி என்று பையன்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சார்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடத்துக்கு ஒரு சார்ட், ஐந்து பாடத்துக்கு ஒரு மாடல். தெர்மாகோல், வண்ணத்தாள், ஃபெவிகால், ஜிகினா. எங்களோடு படித்த ஆண்களின் சார்ட்டுகளில் பாதி பெண்கள் வரைந்து கொடுத்தவை, மீதி கடையில் காசு கொடுத்து வாங்கியவை. “உங்களுக்குக் கையெழுத்து அழகு” என்பார்கள், நாங்களும் பூரித்துப்போய் வரைவோம். ஒருத்தி இரண்டு ரெக்கார்டு முழுதாக எழுதிக்கொடுத்தாள். கோலமும் எம்பிராய்டரியும் எங்கே முடிகின்றன, கற்பித்தல் துணைக்கருவி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்துக்கு ஜிகினா ஒட்டியது யார் யோசனை என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அதற்குத்தான் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.

முப்பது பாடத்திலும் வரும் விஞ்ஞானிகளைப் பட்டியலிட்டேன். நியூட்டன், லவாய்சியர், லீவன்ஹுக், ராபர்ட் ஹூக், மெண்டலீவ், ராமன். மேரி கியூரி ஒரு பெட்டிச் செய்தியில். நான் படித்ததோ தாவரவியல் துணைப்பாடத்தோடு வேதியியல். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், அதற்கு முன் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர் என்பது எனக்குத் தெரியாது. வகுப்பறையிலிருந்து ஆய்வகத்துக்குப் போக ஒரு பெண்ணுக்கு வழி இருந்தது என்று தெரிந்தால், ஆசிரியைப் பயிற்சியை நான் வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

வேறு மாதிரிப் பயிற்சி சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதியும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும் தொடங்கி, பிறகு 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தியது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள்தான், நான் பயிற்சி எடுத்த அதே வகுப்புகள். அங்கே ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் கூடி, பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளை முதலில் தாங்களே செய்வார்கள். விடை தெரியாமல் நிற்பார்கள், தங்களுக்குள் சண்டை போடுவார்கள். மாதந்தோறும் கூடி வகுப்பில் நடந்ததைப் பேசுவார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். ‘சவாலிராம்’ என்ற கற்பனை ஆளுக்குப் பிள்ளைகள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கடிதத்தில் எழுதி அனுப்பலாம், பதில் வரும். முப்பது வருடம் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அதே ஏகலவ்யாதான் பின்னர் மாதவிடாய் பற்றி வளரிளம் பெண்களுக்காக இந்தியில் ஒரு நூல் வெளியிட்டது. ‘பேட்டி கரே சவால்’ என்று பெயர், மகள் கேள்வி கேட்கிறாள் என்று அர்த்தம். அந்தத் தலைப்பை முதலில் கேட்டபோது என் இரண்டாவது வரிசைப் பிள்ளை நினைவுக்கு வந்தாள்.

பெண்ணியத் தோழிகள் சிலர், ஆசிரியை வேலையே பெண்ணை வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதுதான் என்பார்கள். தாய்மையின் நீட்சி, பாதுகாப்பான வேலை, நான்கு மணிக்கு வீடு திரும்பிச் சமைக்கலாம், அதனால்தான் பெற்றோர் அனுப்புகிறார்கள் என்பார்கள். என் அம்மாவும் அதைச் சொல்லித்தான் சேர்த்தார். இருந்தாலும் அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினோரு வயதில் மணமுடிக்கப்பட்டு, சில காலத்திலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று, அடுத்த வருடமே விதவைப் பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வரானார். தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகளுக்குச் சம்பளம் என்ற ஒன்றைக் கையில் கொடுத்தது ஆசிரியப் பயிற்சிதான். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானதாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், மற்றப் பெண்களுக்கு அந்தக் கதவு அப்போது திறக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் பெயரில் வங்கிக் கணக்கும் வீட்டுக் கடனும் வாங்கும் நிலைக்கு வந்திருந்தால், விசாரித்தால் பாதிப் பேர் டீச்சராகவோ நர்ஸாகவோ இருப்பார்கள். எனக்குக் கோபம் இந்த வேலையின்மேல் இல்லை. நான்கு தலைமுறையாக இத்தனை பாடுபட்டு இந்த வேலைக்கு வரும் பெண்ணிடம், வந்ததும் முதலில் அவளுடைய கேள்வியைப் பிடுங்கிக்கொள்ளும் பயிற்சியின்மேல்தான்.

பிடுங்குவது பி.எட்.டோடு முடிவதும் இல்லை. தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் 150 கேள்வி, 150 மதிப்பெண், அதில் கணிதமும் அறிவியலும் 60. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பது. 2013இல் நான் தேறினேன், மறுவருடம் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்தேன். என்னோடு தேறிய இருவர் இன்னும் காத்திருக்கிறார்கள். 2018இல் வந்த அரசாணை 149 அவர்களை இன்னொரு போட்டித் தேர்வு எழுதச் சொன்னது. நாற்பது வயதில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வினா வங்கி புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்பார்க்கப்படும் விடை அவர்களுக்கு அத்துப்படி.

இப்போது கடைசி பெஞ்சில் உட்காருவது நான். வருடந்தோறும் இரண்டு மூன்று பயிற்சி ஆசிரியைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள், நான் வழிகாட்டி ஆசிரியை. சட்டகம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கற்பித்தல் நோக்கங்கள் என்ற இடத்தில் கற்றல் விளைவுகள், கரும்பலகையோடு கியூஆர் கோடு. எதிர்பார்க்கப்படும் விடை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திட்டத்துக்குப் பின்னும் ஒரு பக்கம் வெறுமனே விடுங்கள், பாடம் முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்டதை அதில் எழுதுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவருகிறேன். வளரிளம் பருவப் பாடத்தைப் பையன்களையும் உட்காரவைத்து எடுக்கச் சொல்கிறேன். முதல் வருடம் ஒரு பிள்ளையின் கல்லூரியிலிருந்து, வெற்றுப் பக்கம் இருப்பதால் ரெக்கார்டு முழுமையாகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டே வந்து அந்தப் பக்கங்களில் படம் வரைந்து நிரப்பினாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இந்த வருடம் வந்தவள் கொஞ்சம் தைரியசாலி. அதே அமிலம், காரம் பாடம், அதே மஞ்சள் தாள். ஒரு பெண்பிள்ளை தன் கழுத்து வேர்வையைத் தாளில் தொட்டுவைத்துப் பார்த்திருக்கிறாள். நிறம் மாறவில்லை. கேட்டதை அப்படியே எழுதிவைத்திருந்தாள்: “மஞ்ச மாறலைன்னா வேர்வை அமிலமா, இல்ல சும்மா தண்ணி மாதிரியா மேடம்?” பக்கத்தில் எதிர்பார்க்கப்படும் விடை என்று கோடு போட்டு, கீழே அவள் கையெழுத்தில், “எனக்கும் தெரியவில்லை. மஞ்சள் தாளில் இதற்கு மேல் சொல்ல முடியாது. நாளை செம்பருத்தித் தாளில் வைத்துப் பார்க்க வேண்டும்.”

சிவப்பு மையை எடுத்து அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தேன்.